பறவைகள் நிழலை விட்டுப்போன வருஷம்

பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து, அந்த வருஷம் தான் பார்த்ததில் தனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒன்றுதான், ரெண்டு சொல்லக்கூடாது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுத்துப் பேசவும் கூடாது. என் வீட்டுக்காரர் சொரிமுத்து சார் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக இட்லியைக்கூட முழுசாகச் சாப்பிடாமல் ஓடுவார். நான் ஆட்டுரலில் உளுந்தைப் போட்டுவிட்டு, இதுகளுக்கெல்லாம் வீட்டில் வேலையே கிடையாதா என்று நினைத்துக்கொள்வேன். போன வருஷம் அந்தக் கூட்டம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அவரால் ஓட முடியாது, நடக்க முடியாது, தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. அந்த வருஷம் முழுக்கப் பறவை பார்த்தவள் நான். அதனால் இதைச் சொல்வதும் என் தலையில் விழுந்துவிட்டது. சொல்கிறேன், ஆனால் அலுப்போடுதான் சொல்வேன், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் ஊர் செவ்வல்குளம். குளத்தின் பெயர்தான் ஊருக்கும். குளத்துக் கரைமேல்தான் திருநெல்வேலி பஸ் போகிற ரோடு. சார் இங்கே உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். அடுத்த தீபாவளிக்குள் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுசாக விழுந்துவிட்டது, வாயும் கொஞ்சம் கோணிவிட்டது. மகள் ஓசூரிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தாள், அவளுக்கும் கைப்பிள்ளை, போய்விட்டாள். அன்றையிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போடுவது, துணி அலசுவது, மறுபடி புரட்டுவது, இதுதான் எனக்கு விடிவதும் அடைவதும். சாயங்காலமானால், இருக்கிற வேலை போதாது என்று, அவர் கோணல் வாயால் ஒரு வேலை சொல்வார்.

"பிரமு. போய்ப் பாத்துட்டு வா."

நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அவருடைய பைனாகுலரை மாட்டிக்கொண்டு நான் குளத்தங்கரைக்குப் போவேன். ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன், வெட்கப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா. பறவைப் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது. பார்த்ததை வந்து அப்படியே சொல்வேன், அவர் பெயர் சொல்வார். தண்ணீருக்குள் அகப்பையை விட்டுப் பாயசம் கிண்டுகிற மாதிரி ஒன்று கிண்டிக்கொண்டே போகிறது என்பேன், "கரண்டிவாயன்" என்று பிள்ளை மாதிரி சந்தோஷப்படுவார். சிவப்புக் குச்சிக்காலோடு, பாவாடை நனைந்துவிடக்கூடாது என்று தூக்கிப் பிடித்து நடக்கிறவள் மாதிரி ஒன்று நடக்கிறது என்பேன், "பவளக்கால் உள்ளான்" என்பார். பின்மண்டையில் கறுப்பாக ரெண்டு கோடு போட்ட வாத்து ஒரு கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறது என்று தை மாசத்தில் ஒருநாள் சொன்னபோது, அவர் வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"இமயமலையைத் தாண்டி வந்திருக்கு, பிரமு. இமயமலையை!"

"நான்கூடத்தான் அடுப்படிக்கும் கட்டிலுக்குமா எத்தனை மலை ஏறி இறங்குதேன். எனக்கு யாரு அழுதா?" என்றேன்.

அவர் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரித்தார். இப்படித்தான் தையும் மாசியும் போயின. எனக்குப் பிடித்ததும் அதில் இல்லாமல் இல்லை. கரையில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. மற்றபடி நான் உள்ளுக்குள் காய்ந்துகொண்டே இருந்தேன், குளமும் காய்ந்துகொண்டே இருந்தது.

பங்குனிக் கடைசியில், குளத்தின் நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்கு மட்டும் தண்ணீர் கிடந்த நாளில், பறவைகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. கிளம்பும்போது நிழல்களை எடுத்துக்கொள்ளவில்லை. அவை பாட்டுக்கு வானத்தில் சின்னதாகிச் சின்னதாகி வடக்கே போய்விட்டன. நிழல்கள், எழும்பின நேரத்தில் எப்படி விழுந்திருந்தனவோ அப்படியே, சிறகை விரித்த மேனிக்குக் குளத்துச் சேற்றில் கிடந்தன. நான் வீட்டுக்கு வந்து அன்றைக்கு உள்ளதைச் சொன்னேன்.

"எல்லாம் போயிட்டு. நிழலு மட்டும் கெடக்கு."

"எது எதோடது?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் கவலை.

நிழலை முதலில் கண்டுகொண்டவை ஆடுகள். அந்த வருஷத்து வெயிலில் வேலிக்கருவைகூடச் சுருண்டு நின்றபோது, ஆடுகள் குளத்துக்குள் இறங்கி நாரை நிழலில் வரிசையாகப் படுத்து அசைபோட்டன. அப்புறம் ஆடு மேய்க்கிறவர்கள் படுத்தார்கள். அப்புறம் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிழலுக்குள் காலை வைத்தால் பானைத் தண்ணீருக்குள் வைத்த மாதிரி இருக்கிறது என்று செய்தி பரவி, ஊரே தலையணையோடு குளத்துக்குப் போனது. பனி ஈரம் காய்வதற்கு முன்னால் மூக்குப் பக்கமிருந்து பிடித்துத் தூக்கினால் ஈரச்சேலை மாதிரி நிழல் உரிந்து வருகிறது என்பதையும், சிறகுப் பக்கமிருந்து தூக்கினால் கிழிந்துவிடும் என்பதையும், ரெண்டு உள்ளான் நிழல் கிழிந்தபிறகு எல்லாரும் படித்துக்கொண்டார்கள்.

உடனே சண்டையும் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்படவேண்டும். குளத்து மீன் குத்தகைக்காரர் பால்துரை கரையில் வந்து நின்று, "தண்ணிக்கு மேல கெடக்கது, கீழ கெடக்கது எல்லாம் குத்தகைக்குச் சேந்ததுதான், ஒருத்தரும் கைய வைக்கப்பிடாது" என்று சத்தம் போட்டார். பஞ்சாயத்துத் தலைவி செண்பகக்கனி, "தண்ணி எங்கண்ணே இருக்கு? நிழலு சேத்துல கெடக்கு. சேறு சர்க்கார் சேறு" என்றாள். சர்க்காரைக் கேட்டு எழுதினார்கள். நிழல் என்பது அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று தெரிவிக்கும்படி பதில் வந்தது. அதைத் தெரிவிக்க ஊரில் ஆளில்லாததால், குடும்ப அட்டைக்கு ஒரு நிழல் என்று செண்பகக்கனியே பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

சின்ன வாத்து கிடைத்தவர்கள் தொட்டிலில் போட்டார்கள். உள்ளான் கிடைத்தவர்கள் தண்ணீர்க்குடத்தின்மேல் போட்டுவிட்டு, நாரை கிடைத்தவர்களைப் பார்த்து வயிறெரிந்தார்கள். பஸ் ஸ்டாப்புக்கு என்று பொதுவில் ஒரு பூநாரை ஒதுக்கினார்கள். அது ஒல்லியாக இருந்ததால் ஜனங்கள் கால் கழுத்து வளைவு எல்லாம் பார்த்து ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நின்றார்கள், எங்கள் ஊர் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றது அந்தக் கோடையில்தான். அம்மன் கோயில் கொடை விழாவுக்கு மேளக்காரர்கள் நிழலில் நின்று அடித்தார்கள். நிழல் இருக்கிற வீடா என்று கேட்டுப் பெண் கொடுத்தார்கள். எங்களுக்கு, படுக்கையில் நோயாளி இருக்கிறார் என்று, எல்லாவற்றிலும் பெரியதைக் கொடுத்தார்கள். கூழைக்கடா, மூக்குக்குக் கீழே பை தொங்குமே, அந்தப் பறவை. அது எழும்பும்போது சிறகை முழுசாக விரித்திருக்கிறது. சார் படுத்திருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் அறையின் கூரையில் நாலு பேர் ஏறி அதை விரித்துவிட்டு இறங்கினபோது, தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்த அறை மார்கழி மாசத்து அறையாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் அவருக்கு வேர்க்கவில்லை. வேர்க்காததால் அரிக்கவில்லை. அரிக்காததால் என்னைக் கூப்பிடவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு, பகலில், தரையில், எனக்குத் தூக்கம் வந்தது. அந்த நிழல் எனக்கு என்ன செய்தது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், வேறு பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

இனி ஊர் செய்த தப்புக்கு வருகிறேன். நிழல்கள் மாறிப்போகத் தொடங்கின. காயப்போட்ட இடத்தில் என் வாத்தை எடுத்துக்கொண்டு உன் வாத்தை வைத்துவிட்டாய் என்று மைனியும் கொழுந்தியாளும் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போன நாரை திரும்பி வரும்போது கால் குட்டையாக இருந்தது. இப்படி வந்தால் நம் ஜனம் என்ன செய்யும்? பாத்திரத்துக்கு என்ன செய்யுமோ அதைச் செய்தது. மேலப்பாளையத்திலிருந்து பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற மைதீன் பாயை மெஷினோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் நிழலைத் துவைக்கிற கல்லில் விரித்து, "யார் பேரு போட?" என்று கேட்டுக் கேட்டு, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டினார். வெட்டின புள்ளிகள் வழியாக வெயில் உள்ளே விழுந்து, கறுப்பில் வெளிச்ச எழுத்தாகப் பெயர் தெரிந்தது.

எங்கள் வீட்டில் குடத்திலிருந்து கரண்டிவரைக்கும் "ஆ. சொரிமுத்து, பி.ஏ., பி.டி." என்றுதான் இருக்கும். கரண்டிக்கு எதற்குப் பட்டம் என்று நான் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். கூழைக்கடாவைக் கூரையிலிருந்து இறக்கிக் கல்லில் போட்டு மைதீன் பாய் கேட்டபோது, நான் யோசிக்கவில்லை.

"பிரமுன்னு போடுங்க பாய்."

"சாரு பேரு வேண்டாமாம்மா?"

"கரண்டியில இருக்குல்லா, அது போதும்."

கோடை அப்படிக் கழிந்தது. மழை தள்ளித் தள்ளிப் போய்க் கார்த்திகைக் கடைசியில்தான் பெய்தது. ஒரே அடியில் குளம் நிரம்பிவிட்டது. அதற்கடுத்த காலையில் பறவைகள் திரும்பி வந்தன. வந்தன, ஆனால் இறங்கவில்லை. குளத்துக்குமேல் சுற்றின. தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து வரும், காலை நீட்டும், கால் தொட ஒன்றும் இல்லாத மாதிரி திடுக்கிட்டு மறுபடி மேலே போகும். சத்தம்கூடப் போடவில்லை. அவ்வளவு களைத்த பறவைகளை நான் பார்த்ததில்லை. சிறகை அடிக்கிற ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து அடித்தன. வீட்டுக்கு வந்து சாரிடம் சொன்னேன்.

"இறங்குதது தன் நிழலு மேலதானே," என்றார். "அது இல்லைன்னா எதுமேல இறங்கும்? போனதுலேருந்து இறங்கலை போலிருக்கு."

அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. கரையில் ஒருத்தி பிள்ளைத் தொட்டிலின் வாத்து நிழலை அலசி விரித்திருக்கிறாள். வானத்திலிருந்து ஒரு வாத்து கல் விழுவது மாதிரி நேராக அதன்மேல் வந்து விழுந்து, தலையை முதுகுக்குள் செருகிக்கொண்டு அங்கேயே தூங்கிவிட்டது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். வர்ற கோடைக்கு நாம் எங்கே போவது என்று ரெண்டு நாள் பேசிப் பார்த்தார்கள், ஆனால் தலைக்குமேல் அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கீழே உட்கார்ந்து சோறு தின்ன ஒருத்தருக்கும் முடியவில்லை. ஒவ்வொருத்தராக நிழலைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். அப்போதுதான் பெயர் வெட்டினதன் வினை தெரிந்தது. மருமகள் பெயர் போட்ட நிழலை மாமியார் விரித்தால் நாரை இறங்கவில்லை. பெயருக்கு உரியவள் தன் கையால் விரித்தால்தான் இறங்கியது. வெளியூர் வேலைக்குப் போயிருந்தவர்களை எல்லாம் போன் போட்டு வரவழைத்தார்கள். எல்லாம் இறங்கிவிட்டன. கடைசியில் ஒரே ஒரு கூழைக்கடா மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

நான் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செண்பகக்கனி வந்தாள். "மைனி, பாவம் மைனி அது" என்றாள். பால்துரை வந்து, தானே ஏறி எடுத்து விரித்துப் பார்க்கிறேன் என்று எடுத்தும் போனார். விரித்தார், பறவை தாழ்ந்து வந்து காலை நீட்டிவிட்டுப் போய்விட்டது, அவர் நிழலைத் திரும்பக் கொண்டுவந்து கூரையில் போட்டுவிட்டுப் போனார். தெருவே வாசலில் நின்றது.

"பாவம் பாக்கதுக்கு எல்லாரும் வந்துட்டிய. இம்புட்டு நாளும் ஒருத்தராவது வந்து, பிரமு நீ கொஞ்சம் படு, சாரை நான் புரட்டிப் போடுதேன்னு சொன்னியளா? அந்தச் சனியனுக்குச் சிறகு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? சித்திரை வந்தா அந்த அறையில அவியளும் வெந்து நானும் வெந்து சாகணுமா? போங்க, போயி உங்க சோலியைப் பாருங்க."

போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன், கோபத்தில்தான் அழுதேன். எனக்கு ஊர்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை, அவர்மேல்தான். பறவை என்றால் உயிரை விடுகிற மனுஷன், ஜன்னல் வழியாக அந்தக் கூழைக்கடா சுற்றுவதைக் காலையிலிருந்து சாயங்காலம்வரைக்கும் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், கொடு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறார். சொல்லியிருந்தால் நன்றாக நாலு கேட்டிருப்பேன். சொல்லாதவரை என்ன செய்வது? சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வா என்பதையும் நிறுத்திவிட்டார். கஞ்சியை வாயில் வைத்தால் வாங்கிக்கொள்வார், புரட்டினால் புரளுவார்.

அந்த நிலைமையில்தான் வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிகாலை தூறல் விட்டு, எல்லாம் ஈரமாகக் கிடந்தது. திருநெல்வேலியிலிருந்து அவருடைய கூட்டாளிகள் ரெண்டு பேர் வந்தார்கள்: பேங்கில் இருந்த கோமதிநாயகம் அண்ணாச்சியும் ஹெலன் டீச்சரும். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டேன். காப்பி கொடுத்தேன். அண்ணாச்சி மணிமுத்தாறு அணைப் பக்கம் பார்த்த ராஜாளி ஒன்றைச் சொன்னார். ஹெலன் டீச்சர், தன் வீட்டு ஸ்கூட்டர் கண்ணாடியில் தன்னைத்தானே கொத்திக்கொண்டு நின்ற தேன்சிட்டைச் சொன்னாள். பிறகு ரெண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். படுத்தே கிடக்கிறவரிடம் கேட்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அவர் தானாகவே ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னார்.

"வைகாசியில ஒரு மத்தியானம். பிரமு தூங்குனா. இந்தா, இந்தத் தரையில. பாய்கூட விரிக்கலை. வாயைத் தொறந்துக்கிட்டு, ஒரு கையை இங்கிட்டும் ஒரு கையை அங்கிட்டும் போட்டுக்கிட்டு. எனக்குத் தண்ணி தவிச்சுது, கூப்பிடலை. படுக்கை நனைஞ்சிட்டு, கூப்பிடலை. வெயிலு சாயுத மட்டும் பாத்துக்கிட்டே கெடந்தேன். கல்யாணமாகி இம்புட்டு வருஷத்துல அவ தூங்கி நான் பாத்ததே இல்ல. நான் முழிக்கையில அவ அடுப்படியில நிப்பா. நான் தூங்கையிலயும் அடுப்படியில நிப்பா."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"இந்த வருஷம் நான் பாத்ததுல எனக்குப் பிடிச்சது அதுதான்."

அது பறவை இல்லையே என்று யாரும் சொல்லவில்லை. ஹெலன் டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் காலி டம்ளர்களைப் பொறுக்கினேன், மறுபடி வைத்தேன், மறுபடி பொறுக்கினேன்.

"அப்ப மேல சுத்திக்கிட்டு கெடக்கே ஒரு சனியன், அதைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டியளா?" என்று கத்தினேன்.

"உன் பேரு போட்டது, பிரமு," என்றார். "நான் எப்பிடிச் சொல்ல?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே அது ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றுக்குத் திரும்பியது. திரும்புகிற இடத்தில் ஒரு பக்கச் சிறகு தொய்ந்து, விழுந்துவிடும் போலாகி, விழக்கூடாதே என்று தன்னைத்தானே இழுத்துப் பிடித்து மேலே போனது. அந்த இழுத்துப் பிடிக்கிறது எனக்குத் தெரியும். வாளித் தண்ணீரோடு தினம் விடிகாலையில் நான் இழுத்துப் பிடிக்கிறது அதேதான். எனக்கு அந்தப் பறவைமேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். அலுத்துப்போனவளுக்கு அலுத்துப்போனதை அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஹெலன் டீச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூரையில் ஏறினேன், மூக்குப் பக்கமிருந்து பிடித்து உரித்தேன். ஈரமாக இருந்ததால் கிழியாமல் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்; கனம் ஒன்றும் இல்லை, குளிர்ச்சிதான் முதுகெலும்புவரைக்கும் இறங்கியது. போகிற வழியெல்லாம் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஆட்கள் கூட வந்தார்கள். பால்துரை முன்னால் ஓடிப் படித்துறையில் கிடந்த வலையை அப்புறப்படுத்தினார். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முழங்கால் தண்ணீரில் இறங்கி நிழலை விரித்தேன். சிறகு ரெண்டையும் நன்றாக இழுத்துவிட்டேன், சுருக்கம் இருந்தால் உறுத்துமோ என்னவோ. நடுவில் என் பெயர் வெள்ளையாகத் தண்ணீர்மேல் ஆடியது. விரித்துவிட்டு நான் ரெண்டு எட்டுப் பின்னால் வந்ததுதான் தாமதம், கூழைக்கடா ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை; சிறகை அப்படியே வைத்துக்கொண்டு, அடிக்காமல், சாய்வாக, சாய்வாக வந்து, காலை நீட்டி, அதன்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் பெரிய மூக்கை மார்பில் வைத்தது. கண்ணை மூடியது.

ஜனங்களுக்குத் தாங்கவில்லை. கையைத் தட்டினார்கள், ஒருத்தன் விசில் அடித்தான், பெண்கள் குலவை போட வாயெடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஏய், சத்தம் போடாதிய!" என்று அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். பிறகு என் சத்தத்துக்கே பயந்து குரலைத் தாழ்த்தினேன். "தூங்குது. ஒருத்தரும் அதை எழுப்பப்பிடாது."

குலவை நின்றது. ஊர் முழுசும் கரையில் அப்படியே உட்கார்ந்தது. கரைமேல் திருநெல்வேலி பஸ் திரும்பி வருவது தெரிந்தது. நான் நனைந்த துணியோடு ரோட்டுக்கு ஏறிப்போய், ஹாரன் அடிக்கவேண்டாம் என்று டிரைவருக்குக் கையைக் காட்டினேன்.